நாள் தள்ளிப்போய்விட்டது... பாதுகாப்பாகத்தானே இருந்தோம்?

கருத்தடை பயன்படுத்தியும் கரு தங்கிவிட்டது என்று வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். எழுதியவர்களில் பெரும்பாலானோர் கணவர், குழந்தை, வேலை என்று குடும்பம் நடத்துகிறவர்கள். ஆனாலும் முக்கால்வாசிக் கடிதங்கள் "என்மேல்தான் தப்பு டாக்டர்" என்றே தொடங்குகின்றன. உங்கள்மேல் தப்பு எதுவும் இல்லை. எந்தக் கருத்தடை முறையும் எப்போதாவது தவறும். 1971-ல் இந்தியாவில் கருக்கலைப்புச் சட்டம் எழுதியவர்களே அதை எதிர்பார்த்துத்தான் எழுதினார்கள். பெயர்களை நீக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் பையனுக்கு 4 வயது. அவன் பிறந்ததிலிருந்து ஆணுறைதான் பயன்படுத்துகிறோம். ஒரு தடவைகூட விட்டதில்லை. இப்போது 6 வாரம் என்கிறார்கள். இன்னொரு குழந்தையை வளர்க்க இப்போது எங்களால் முடியாது. எங்கே தவறியது? ஆஸ்பத்திரிக்குப் போனால் "ஏன் கவனமாக இல்லை" என்று கேட்பார்களோ என்று பயமாக இருக்கிறது. — வாசகி, ஈரோடு

பதில்: ஆணுறையை மட்டும் நம்பும் 100 தம்பதிகளை எடுத்துக்கொண்டால், வீடுகளில் வழக்கமாக நடக்கும் பயன்பாட்டில் ஒரு வருடத்துக்குள் சுமார் 13 பேருக்குக் கரு தங்குகிறது. ஒவ்வொரு முறையும் துளியும் பிசகாமல் பயன்படுத்தினால் 2 பேருக்கு. இது ஒரு வருடக் கணக்குதான், நீங்கள் 4 வருடம் இதை நம்பி ஓட்டியிருக்கிறீர்கள். மற்ற முறைகளையும் சொல்லிவிடுகிறோம். கடைசி நேரத்தில் வெளியே எடுத்துவிடும் பழக்கத்தில் 20 பேர், தினசரி மாத்திரையில் 7 பேர், காப்பர்-டியில் ஒருவருக்கும் குறைவு.

எங்கே தவறியிருக்கும்? ஆணுறை கிழிந்தால் தெரிந்துவிடும். தெரியாமல் நடப்பவைதான் அதிகம். பாதியில் அணிவது முதல் காரணம். விந்து வந்தபின் உடனே விலகாமல் இருந்தால் விறைப்புத் தளர்ந்து உறை நழுவும், அடி விளிம்பை விரலால் பிடித்துக்கொண்டு வெளியே எடுக்காவிட்டால் உள்ளேயே கசியும். நுனியில் காற்றை அழுத்தி வெளியேற்றாமல் போட்டால் வெடிக்கும். எங்கள் ஊர்ப் பக்கத்துக் காரணம் ஒன்று உண்டு, அது தேங்காய் எண்ணெய். ஆணுறை லேடெக்ஸ் ரப்பரால் ஆனது. எண்ணெய் பட்டால் சில நிமிடங்களிலேயே அதன் வலு போய்விடும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. வாசலைன், பேபி ஆயிலும் அப்படித்தான். வறட்சி இருந்தால் தண்ணீர் சார்ந்த ஜெல் மட்டும் பயன்படுத்துங்கள். பர்ஸிலோ வண்டிப் பெட்டியிலோ மாதக்கணக்கில் சூட்டில் கிடந்த உறையையும் தவிருங்கள்.

சட்டத்துக்கு வருவோம். குழந்தைகளின் எண்ணிக்கையைக் குறைக்கவோ கருவைத் தடுக்கவோ பயன்படுத்திய முறை தவறி உண்டான கர்ப்பம் என்றால், அதனால் வரும் வேதனையையே பெண்ணின் மனநலத்துக்குக் கடுமையான பாதிப்பு என்று எடுத்துக்கொள்ளலாம் என்கிறது சட்டத்தின் விளக்கக் குறிப்பு. கிழிந்த உறையைக் காட்டச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. டாக்டரிடம் "ஆணுறை பயன்படுத்தினோம், அப்படியும் தங்கிவிட்டது, எனக்கு இது வேண்டாம்" என்று மூன்றே வாக்கியம் சொல்லுங்கள், போதும்.

6 வாரம் என்பதால் இரண்டு வழியும் உங்களுக்குத் திறந்திருக்கிறது. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணி 63 நாள் வரை மாத்திரை. 12 வாரம் வரை கைப்பம்பு முறை. அதாவது 60 மில்லி அளவுள்ள கை சிரிஞ்சில் வெற்றிடம் உண்டாக்கி, மெல்லிய பிளாஸ்டிக் குழாய் வழியாகக் கர்ப்பப்பையிலிருந்து உறிஞ்சி எடுப்பது. கர்ப்பப்பை வாயில் மரத்துப்போகும் ஊசி போட்டால் போதும், பத்து பதினைந்து நிமிட வேலை, சில மணி நேரத்தில் வீட்டுக்குப் போகலாம். கரண்டி போன்ற கருவியால் சுரண்டும் பழைய டி அண்ட் சி வேண்டாம், அதற்குப் பதிலாக உறிஞ்சும் முறையையே செய்யுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் பல வருடங்களாகச் சொல்லி வருகிறது. "டி அண்ட் சி-யா, உறிஞ்சி எடுப்பதா?" என்று நீங்களே கேளுங்கள்.

கேள்வி: கணவர் மருந்துக்கடையில் கலைக்கிற மாத்திரை வாங்கி வந்தார். அட்டையில் 5 மாத்திரை. கடைக்காரர் சொன்னபடி ஐந்தையும் அன்றே விழுங்கிவிட்டேன். இரண்டு நாள் உதிரம் போனது. 3 வாரம் ஆகிறது, இன்னும் திட்டுத் திட்டாகப் படுகிறது. வீட்டில் டெஸ்ட் செய்தால் இரண்டு கோடு. சுத்தமாகிவிட்டதா இல்லையா? — வாசகி, திருப்பூர்

பதில்: முதலில் ஒரு ஸ்கேன் எடுங்கள், இந்த வாரமே. ஏன் என்று விளக்குகிறோம்.

அந்த அட்டையில் இருப்பவை இரண்டு வேறு மருந்துகள். தனியாக இருக்கும் ஒரு மாத்திரை மிஃபெப்ரிஸ்டோன், 200 மி.கி. கர்ப்பத்தைத் தாங்கிப் பிடிக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனை அது தடுக்கிறது. கர்ப்பப்பை அதற்கு இணங்கி வர ஒன்று இரண்டு நாள் ஆகும். மற்ற 4 மாத்திரைகள் மிசோபிராஸ்டால், ஒவ்வொன்றும் 200 மைக்ரோகிராம். கர்ப்பப்பையைச் சுருங்கவைத்து வெளியேற்றுவது இவைதான். அதனால்தான் முதல் மாத்திரைக்கும் மற்ற நான்குக்கும் நடுவே 36 முதல் 48 மணி நேர இடைவெளி வைப்பது வழக்கம். அந்த நான்கையும் தண்ணீரோடு விழுங்குவதில்லை. கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவிலோ நாக்குக்கு அடியிலோ அரைமணி நேரம் அடக்கிக்கொள்ள வேண்டும், அல்லது பிறப்புறுப்பில் வைக்க வேண்டும். ஐந்தையும் ஒரேயடியாக விழுங்கினால் பலன் குறையும். கடைக்காரர் பெட்டியை விற்றாரே தவிர வாரத்தைக் கேட்கவில்லை, இடைவெளியைச் சொல்லவில்லை. இது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத மருந்து.

9 வாரத்துக்குள் சரியாக எடுத்தால் 100-ல் 95 பேருக்கு மேல் முழுமையாக வெளியேறிவிடும். நான்கு மாத்திரை வைத்த சில மணி நேரத்தில் வயிற்றுவலியும் கட்டியோடு உதிரப்போக்கும் வரும். வழக்கமான மாதவிலக்கைவிட அதிகமாகவே இருக்கும். வலிக்கு இபுபுரூஃபன் எடுக்கலாம், மருந்தின் வேலையை அது கெடுக்காது. பிறகு இரண்டு வாரம்போல இலேசாகப் போகும், சிலருக்கு ஒரு மாதம் வரைகூடத் திட்டுப்படும். ஆகவே உங்களுக்கு 3 வாரமாகப் படுவது மட்டும் ஆபத்து என்று சொல்ல முடியாது. வீட்டு டெஸ்டில் இரண்டு கோடு தெரிவதும் எதையும் நிரூபிக்காது. கர்ப்ப ஹார்மோன் உடம்பிலிருந்து வடிய 4 வாரம் வரை ஆகலாம்.

அப்படியானால் ஸ்கேன் எதற்கு? மூன்று விஷயம் தெரிய வேண்டும். கரு இன்னும் வளர்கிறதா என்பது ஒன்று. வளர்ந்தால் அப்படியே விட்டுவிடக் கூடாது, மிசோபிராஸ்டால் பட்ட கருவுக்குப் பிறவிக் குறை வரும் அபாயம் கூடும், எனவே உறிஞ்சும் முறையில் முடித்துவிடச் சொல்வார்கள். கரு கர்ப்பப்பையில்தான் இருந்ததா, கருக்குழாயில் இருக்கிறதா என்பது அடுத்தது. குழாயில் இருந்தால் இந்த மாத்திரை வேலை செய்யாது. ஆனால் உதிரம் மட்டும் படும், எல்லாம் முடிந்துவிட்டது என்று ஏமாந்துவிடுவோம். மூன்றாவது, ஏதாவது தங்கியிருக்கிறதா என்பது. இதில் ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். ஸ்கேனில் "உள்சுவர் தடித்திருக்கிறது, உறைந்த இரத்தம் இருக்கிறது" என்று எழுதியிருப்பதை மட்டும் வைத்து உடனே கிளீன் செய்யத் தேவையில்லை. இந்த நேரத்தில் அப்படித்தான் தெரியும். உதிரம் அதிகமாகப் போகிறதா, வலி, காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். தேவையில்லாத கிளீனிங் நிறைய நடக்கிறது.

இவற்றில் ஒன்று இருந்தாலும் ஸ்கேனுக்குக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்: தொடர்ந்து 2 மணி நேரம், மணிக்கு இரண்டு பெரிய நாப்கின் முழுக்க நனைவது. 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் ஒரு நாளுக்கு மேல் நிற்பது. துர்நாற்றத்தோடு கசிவு. ஒரு பக்க அடிவயிற்றில் குத்தும் வலி, தோள்பட்டை வலி, மயக்கம். ஆஸ்பத்திரியில் "மாத்திரை சாப்பிட்டேன்" என்று மறைக்காமல் சொல்லுங்கள்.

தேசிய குடும்பநல ஆய்வில் (2019-21) நாட்டின் கருக்கலைப்புகளில் 27 சதவீதம் பெண்கள் தாங்களே வீட்டில் செய்துகொண்டவை என்று பதிவாகியிருக்கிறது. வீட்டில் மாத்திரை எடுப்பதே தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. வாரத்தை உறுதி செய்து, முறையைச் சொல்லி, திரும்பிப் பார்க்க ஒரு டாக்டர் இருந்தால் அதே மாத்திரை மிகவும் பாதுகாப்பானது. கடும் இரத்தசோகை உள்ளவர்கள், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், நீண்ட நாளாக ஸ்டீராய்டு எடுப்பவர்கள், காப்பர்-டி உள்ளே இருப்பவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் தொடவே கூடாது.

கேள்வி: இரண்டு பெண் குழந்தைகள். தவறி மூன்றாவது நின்றுவிட்டது, 9 வாரம். "கணவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும், கு.க. (குடும்பக் கட்டுப்பாடு) ஆபரேஷனும் சேர்த்துச் செய்துகொண்டால்தான் கலைப்போம்" என்கிறார்கள். அவர் வெளிநாட்டில் இருக்கிறார். — வாசகி, விழுப்புரம்

பதில்: 18 வயது நிரம்பிய பெண்ணுக்குச் சட்டம் கேட்பது அவர் ஒருவரின் சம்மதம் மட்டுமே. "படிவம் சி" என்ற தாளில் நீங்கள் கையெழுத்திட்டால் முடிந்தது. கணவர், மாமியார், அப்பா யாருடைய கையெழுத்தும் வேண்டாம். கணவரின் சம்மதமில்லாமல் மனைவி கருக்கலைப்பு செய்துகொண்டதை எதிர்த்து ஒருவர் வழக்காடியபோது, மனைவியின் சம்மதம் போதும் என்ற தீர்ப்பை 2017-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. கு.க. ஆபரேஷனை நிபந்தனையாக்கவும் சட்டத்தில் இடமில்லை. சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை டாக்டர்கள் விதிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றத்தின் 2022 தீர்ப்பு தெளிவாகவே சொல்கிறது. ஆபரேஷன் நீங்களே விரும்பினால் நல்லது, பிறகு யோசித்தும் செய்யலாம்.

"படிவம் சி-யில் நான் கையெழுத்திடுகிறேன், கணவர் கையெழுத்து கேட்கும் விதியைக் காட்டுங்கள்" என்று மருத்துவமனைக் கண்காணிப்பாளரிடம் பணிவாகக் கேளுங்கள். பெரும்பாலும் அதோடு வழி பிறந்துவிடும். இல்லையென்றால் அரசின் மருத்துவ உதவி எண்ணான 104-ல் சொல்லுங்கள், அல்லது வேறு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வாக்குவாதத்தில் வாரங்களைக் கரைக்க வேண்டாம். கருத்தடை தவறிய காரணத்துக்காக 20 வாரம் வரை ஒரே டாக்டரின் கருத்துப் போதும் என்றாலும், ஒவ்வொரு வாரமும் சிகிச்சை சற்றே கடினமாகும். உங்கள் பெயரை வெளியே சொன்னவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 5 வருடத்துக்கு முன் அரசு ஆஸ்பத்திரியில் கு.க. ஆபரேஷன் செய்துகொண்டேன். இப்போது 10 நாள் தள்ளிப்போயிருக்கிறது. "அதெல்லாம் இருக்காது, உடம்புச் சூடு" என்கிறார்கள். — வாசகி, தேனி

பதில்: உடம்புச் சூடு என்று விட்டுவிடாதீர்கள். இன்றே டெஸ்ட் செய்யுங்கள். வெட்டிக் கட்டிய குழாய் மீண்டும் ஒட்டிக்கொள்வதும், குழாயில் நுண்ணிய வழி திறப்பதும், குழாயில் மாட்ட வேண்டிய வளையத்தைத் தவறிப் பக்கத்துத் தசைநாணில் மாட்டிவிடுவதும் நடக்கக்கூடியவை. 1996-ல் வெளிவந்த பெரிய அமெரிக்க ஆய்வில் 10 வருடத்தில் 1000 பேருக்கு சுமார் 18 பேருக்கு இப்படிக் கரு தங்கியது. அதில் மூன்றில் ஒரு பங்கு குழாய்க் கர்ப்பம். நாங்கள் அவசரப்படுத்துவது இதனால்தான். டெஸ்ட் பாசிட்டிவ் என்றால் அன்றே உள்வழி (பிறப்புறுப்பு வழியாகப் பார்க்கும்) ஸ்கேன் வேண்டும். ஸ்கேனில் ஒன்றும் தெரியாவிட்டால் இரத்தத்தில் ஹார்மோன் அளவு பார்த்து, 48 மணி நேரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள்.

கரு கர்ப்பப்பையில் இருந்து, வேண்டாம் என்றால், முன் சொன்ன அதே சட்டக் குறிப்பு உங்களுக்கும் பொருந்தும். அரசு மருத்துவமனையில் செய்த ஆபரேஷன் தவறினால் குடும்பநல இழப்பீட்டுத் திட்டத்தில் 60,000 ரூபாய் உண்டு. கண்டுபிடித்த நாளிலிருந்து 90 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஆபரேஷன் சான்றிதழ், டிஸ்சார்ஜ் சீட்டு, இப்போதைய ஸ்கேன் ரிப்போர்ட் ஆகியவற்றின் நகல்களோடு, ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரியிலேயே கொடுங்கள். சான்றிதழ் தொலைந்திருந்தால் அவர்கள் பதிவேட்டிலிருந்து எடுத்துத் தரச் சொல்லுங்கள். வழக்குப் போட்டால் நிறையக் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் ஒன்றைக் கவனியுங்கள். ஆபரேஷன் தவறியது மட்டுமே டாக்டரின் அலட்சியம் ஆகாது என்று 2005-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

கேள்வி: சிசேரியன். குழந்தைக்கு 7 மாதம், தாய்ப்பால் கொடுக்கிறேன். இன்னும் தலைக்குக் குளிக்கவே இல்லை. ஆனால் ஸ்கேனில் 10 வாரம்! — வாசகி, தஞ்சாவூர்

பதில்: தாய்ப்பால் நல்ல கருத்தடைதான், மூன்று நிபந்தனையும் சேர்ந்திருக்கும் வரை. குழந்தைக்கு 6 மாதம் முடியாமல் இருக்க வேண்டும், இரவு பகல் தாய்ப்பால் மட்டும் குடிக்க வேண்டும், மாதவிலக்கு வராமல் இருக்க வேண்டும். கேழ்வரகுக் கூழ் ஆரம்பித்ததும் இரவுப் பால் குறையும், அந்தப் பாதுகாப்பு போய்விடும். முதல் மாதவிலக்குக்கு முன்பே கருமுட்டை வெளியாகிவிடுவதால் தலைக்குக் குளிக்காமலே அடுத்த கர்ப்பம் தங்கும்.

10 வாரம் என்பதால் வீட்டு மாத்திரைக்கான கெடு தாண்டிவிட்டது. உறிஞ்சும் முறை 12 வாரம் வரை நடக்கும், தாமதிக்காதீர்கள். சிசேரியன் செய்தவர்களுக்கும் அது பாதுகாப்பானதே. ஆனால் கரு பழைய தையல் தழும்பில் ஒட்டியிருக்கிறதா என்பதை ஸ்கேனில் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அது அரிது, இருந்தால் சிகிச்சையே வேறு. தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. விருப்பமிருந்தால் அதே மேசையில் காப்பர்-டி போட்டுக்கொண்டே வரலாம். அது வேண்டாம் என்றால் பால் கொடுப்பவர்களுக்கு ஹார்மோன் இல்லாத 'சாயா' மாத்திரை இருக்கிறது. முதல் 3 மாதம் வாரம் இரண்டு, அதாவது ஞாயிறும் புதனும் என்று வைத்துக்கொள்ளுங்கள், பிறகு ஞாயிறு மட்டும். 3 மாதத்துக்கு ஒருமுறை போடும் 'அந்தரா' ஊசியும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இவை இலவசம்.

கேள்வி: காசநோய்க்கு மருந்து எடுக்கிறேன். மாலா-என் மாத்திரையை ஒரு நாள்கூட விடவில்லை. ஆனாலும் நின்றுவிட்டது. — வாசகி, கடலூர்

பதில்: காரணம் ரிஃபாம்பிசின். கருத்தடை மாத்திரையின் ஹார்மோனை ஈரல் வேகமாகக் கரைத்துவிடும்படி அது செய்கிறது. வலிப்பு நோய் மருந்துகளான ஃபெனிடாயின், கார்பமசெபைனும் இப்படியே. மருந்து கொடுத்தவர்கள் இதைச் சொல்லியிருக்க வேண்டும். சிகிச்சை முடிந்து 4 வாரம் வரை இந்தப் பாதிப்பு நீடிக்கும். அதுவரை காப்பர்-டியோ அந்தரா ஊசியோ பொருத்தம். காசநோய் மாத்திரை எடுத்ததற்காகவே கருவைக் கலைக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் அது சரியல்ல. வைத்துக்கொள்வதும் வேண்டாம் என்பதும் உங்கள் முடிவு. எதுவானாலும் காசநோய் மருந்தை நிறுத்தாதீர்கள்.

கேள்வி: திருமணம் ஆகவில்லை, 3 வருடமாக ஒன்றாக வாழ்கிறோம். ஆணுறை கிழிந்த மறுநாளே ஐ-பில் எடுத்தேன். அதற்குப் பிறகும் கரு எப்படி? டாக்டர் கல்யாணச் சான்று கேட்பாரா? — வாசகி, பெங்களூரு

பதில்: அவசரகால மாத்திரை கருமுட்டை வெளியாவதைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான். முட்டை ஏற்கெனவே வெளியாகியிருந்தால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. எடுத்த பிறகு அதே மாதத்தில் மீண்டும் பாதுகாப்பில்லாமல் சேர்ந்தாலும் அது காக்காது. 72 மணி நேரத்துக்குள் என்றால் இதைவிடப் பலமடங்கு உறுதியானது காப்பர்-டி, 5 நாள் வரைகூடப் போடலாம். இந்த மாத்திரைக்குச் சீட்டுத் தேவையில்லை. அப்படியிருந்தும் தமிழ்நாட்டில் பல மருந்துக்கடைகளில் இது கிடைப்பதில்லை, பெண்களுக்கு நேரும் பெரிய அநியாயம் இது.

சான்று கேட்க முடியாது. பழைய சட்டத்தில் "மணமான பெண் அல்லது அவள் கணவர்" என்றிருந்தது, 2021 திருத்தத்தில் "எந்தப் பெண்ணும் அல்லது அவள் துணைவரும்" என்று மாறிவிட்டது.

கேள்வி: மனைவிக்கு இரண்டு முறை கருக்கலைப்பு ஆனது. இனி அவள் உடம்பு தாங்காது என்று நானே கு.க. செய்துகொண்டேன். 6 வாரத்தில் அவளுக்கு மறுபடி நின்றுவிட்டது. உறவினர்கள் தப்பாகப் பேசுகிறார்கள். எனக்கும் மனசு கேட்கவில்லை. — வாசகர், சேலம்

பதில்: ஐயா, உங்கள் மனைவிமேல் சந்தேகப்பட இதில் துளியும் காரணமில்லை. தழும்பில்லா வாசெக்டமியில் விந்துக் குழாயை வெட்டிக் கட்டுகிறார்கள். வெட்டிய இடத்துக்கு அப்பால் ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்ட உயிரணுக்கள் உள்ளேயே இருக்கும். அவை முழுதும் வெளியேற 3 மாதம் ஆகும். அதுவரை ஆணுறை கட்டாயம். இதை உங்களுக்கு யாரும் அழுத்திச் சொல்லவில்லை என்பதுதான் இங்கே நடந்த பிழை. உறவினர்களுக்கும் இதே விளக்கத்தைச் சொல்லுங்கள், மனைவி முன்னிலையில் நீங்களே சொல்லுங்கள்.

2019-21 ஆய்வின்படி நாட்டில் மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் தங்கள் கு.க. ஆபரேஷனை நம்பியிருந்தார்கள், கணவரின் ஆபரேஷனை நம்பியிருந்தவர்கள் 0.3 சதவீதம். நீங்கள் முன்வந்தது பெரிய விஷயம், அது வீணாகவில்லை. இந்தக் கர்ப்பம் வேண்டுமா என்று மனைவி முடிவு செய்யட்டும். ஆபரேஷன் நடந்த நாளிலிருந்து 3 மாதம் முடிந்ததும் விந்துப் பரிசோதனை செய்யுங்கள். சுத்தமான டப்பாவில் எடுத்து, குளிரவிடாமல், ஒரு மணி நேரத்துக்குள் லேபில் கொடுக்க வேண்டும். உயிரணு பூஜ்ஜியம் என்று ரிப்போர்ட் வரும் வரை ஆணுறையை விடாதீர்கள். பூஜ்ஜியம் வராவிட்டால் ஒரு மாதம் கழித்து மறுபடி பாருங்கள், 6 மாதம் ஆகியும் வராவிட்டால் ஆபரேஷன் செய்த டாக்டரிடமே திரும்பப் போங்கள்.